சாய்ஸில் விட்ட நான்காம் கேள்வி

ஜூலை 14, 2008. திங்கள்

விடியலில் தூறல். பள்ளிக்குக் கிளம்பும்போது நல்ல வெயில். குடை வீண் சுமை.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். கூட்டியும் குறைத்தும் இல்லை. எனக்கு வெட்கம் தருவதையும் விடுவதாக இல்லை. ஒரே ஒரு விலக்கு. கஸ்தூரி அக்காவின் மகனை 'ட.' என்று மட்டும் எழுதுவேன். பதினெட்டு வயது ஆகாதவர் மேல் வழக்கு இருந்தால் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். நாட்குறிப்பு வெளியீடு ஆகாதுதான். ஆனாலும் சட்டத்தைப் பேசுகிறவள் நானே மீறினால் எப்படி.

நோட்டு, வாப்பா கடையில் ஓரம் நனைந்து விலைபோகாமல் கிடந்தது. புதுவாயல் கூட்டுரோட்டில் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை. பின்பக்கம் எங்கள் வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்தூரி அக்கா.

இன்று கடிதம் வந்துவிட்டது! பழுப்பு உறை, அரசு முத்திரை. மேலே 'திருமதி ஜுலைகா பேகம்'. நான் பிளஸ் ஒன்.

வாப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திருமதியாம்ல? சொல்லவே இல்ல. மாப்ள கவர்மெண்ட்டா?"

உம்மா உள்ளேயிருந்து: "கவர்மெண்ட்டா இருந்தா சீக்கிரம் முடிங்க. ரிட்டயர் ஆயிடப் போறாரு."

முன்கதை, சுருக்கமாக. ட. எட்டாவது வரை என் வகுப்பு. கடைசி பெஞ்ச். நன்றாகப் படம் வரைவான். ஏப்ரலில் இரண்டு பெரிய பையன்களோடு ஒரு மூடிக்கிடந்த கம்பெனிக்குள் செப்புக்கம்பி எடுக்கப் போய், ஓடத் தெரிந்தவர்கள் ஓடிவிட, இவன் மாட்டிக்கொண்டான். இப்போது சிறுவர்களுக்கான இல்லத்தில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பார்க்கும் நாள் புதன் மட்டும். அக்காவுக்கு சிப்காட்டில் நட்டு போல்ட்டு கம்பெனியில் பாக்கிங் வேலை. வார விடுமுறை ஞாயிறு. புதன்தோறும் லீவு போட்டதில் கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்: "இத பாரு நைனா, இன்னொரு புதன்கெழம நீ வரலன்னா நான் வேற ஆள வச்சிக்குவேன்." அவர் ஆண் பெண் எல்லோரையும் நைனா என்பார். ஆந்திரா பக்கம்.

போன புதன் அக்கா போகவில்லை. ட. வாசலைப் பார்த்தபடி இருந்தானாம். அந்தப் புதன் போய் வந்த இன்னொரு அம்மா சொன்னது.

ஆக, வேலை அல்லது மகன்.

ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்து மறந்துபோன கையேட்டில்தான் தகவல் உரிமைச் சட்டம் படித்தேன். இல்லங்களை மேற்பார்க்க ஓர் ஆய்வுக் குழு உண்டு, அது பார்த்ததை எழுதி வைக்க வேண்டும் என்று செய்தித்தாளில் வேறு. எழுதி வைத்தால் நாம் படிக்கலாம். போன மாதம், பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, ஏழு கேள்விகள் அனுப்பினேன்.

முக்கியமானது நான்காவது: பெற்றோர் பார்க்கும் நாள் பற்றிக் குழு ஏதேனும் எழுதியதா? அதன்மேல் என்ன செய்தீர்கள்?

ஐந்து மணிக்கு அக்கா ஷிப்டு முடிந்து ஓடி வந்தார். முகம்கூடக் கழுவவில்லை. வாப்பா உரக்கப் படித்தார். குழு வந்துபோன தேதிகள், சரி. மருத்துவர் வருகிறாரா, வருகிறார். 'நூலகம்: உள்ளது (பீரோ 1).' அடுத்தது ஐந்து. அடுத்தது ஆறு. முடிந்தது.

"நாலு எங்கம்மா?" என்றார் அக்கா.

நான்கு இல்லை. ஏழும் இல்லை. அநியாயம்! மேல்முறையீடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மேகமூட்டம். கணக்குத் தேர்வு சுமார். தலையில் எண்ணெய் அதிகம்.

உண்மையை எழுதுவதாகச் சொன்ன மறுநாளே இப்படி ஒரு சோதனை. எழுதுகிறேன்.

மேல்முறையீட்டில் சேர்க்க என் மனுவின் நகலை எடுத்தேன். கேள்விகளுக்கு மேலே, அடிக்கோடிட்டு, என் அழகான கையெழுத்தில்: 'கீழ்க்காணும் வினாக்களுள் எவையேனும் ஐந்தனுக்கு விடையளிக்க.'

நான் எழுதியதுதான். கேள்வி என்று எழுதினாலே கை தானாக அதைச் சேர்த்துவிடுகிறது. அலுவலகத்தில் வேலை அதிகம் இருக்கும், பாவம் என்று நினைத்ததும் ஞாபகம். அவர்கள் ஐந்துக்கு விடையளித்துவிட்டார்கள். நான்கையும் ஏழையும் சாய்ஸில் விட்டுவிட்டார்கள். ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு.

 அக்கா சிரித்த சிரிப்பில் எங்கள் வீட்டிலிருந்து உம்மா எட்டிப்பார்த்தார். "எம்புள்ளயும் இப்டிதாம்மா. பரிச்சைக்கி போயி முழு பேப்பரையும் சாய்ஸ்ல உட்டுட்டு வருவான். அவனத் திட்னேன். படிச்ச பொண்ணு நீயே கவர்மெண்ட்டுக்கு சாய்ஸ் குடுத்துக்கினு கீற!" சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிரிப்புக் கண்ணீர் மட்டும் இல்லை அது.

"நாளைக்கி புதன்" என்றார், போகும்போது.

கடிதத்தை மறுபடி படித்தேன். அடியில் சின்ன எழுத்தில்: 'மேலும் விவரம் வேண்டின் அலுவலக நேரத்தில் கோப்பினை நேரில் பார்வையிடலாம்.' இதை நேற்று யாரும் பார்க்கவில்லை. அலுவலகம் திருவள்ளூரில்.

ஜூலை 16, புதன்

ஆடி பிறந்தது. காற்று. கடை போர்டு ஆடி ஆடிக் கழன்றது.

அக்கா வேலைக்குப் போய்விட்டார். ட.வுக்காகச் சுட்ட முறுக்கை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். "சாப்புடுங்க, ஊட்ல வச்சா எறும்பு." உம்மா அதை டப்பாவில் போட்டு மேலே வைத்துவிட்டார். ஒருவரும் தொடவில்லை.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 17, வியாழன்

வெயில். கடையில் டோனர் தீர்ந்து வாப்பாவுக்குக் கோபம்.

காலையில் கடையின் ஒரு ரூபாய் போனிலிருந்து அலுவலகத்துக்குப் பேசினேன். எடுத்தது ஒரு பெண் குரல். பெயர் சொன்னதும் அந்தப் பக்கம் யாரிடமோ, "ஏய், அந்தக் கொஸ்டின் பேப்பர்!" பிறகு என்னிடம், "நாளைக்கிப் பதினோரு மணிக்கி வாங்க மேடம். பசங்க பேரெல்லாம் மறைக்கணும், டைம் குடுங்க." என்னை மேடம் என்று அழைத்த முதல் ஆள்.

லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதச் சொன்னாள் பக்கத்து பெஞ்ச் மீனா. மாட்டேன் என்றேன். 'அரசுக் கோப்பு ஒன்றைப் பார்வையிட வேண்டியிருப்பதால்' என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பாசிரியை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி படித்தார். "இத்தன வருஷத்துல எனக்கு இப்டி ஒரு லீவு லெட்டர் வந்ததில்ல. போய்ட்டு வா. ஆனா கெமிஸ்ட்ரி நோட்ட முடிச்சிட்டுப் போ."

வாப்பாவுக்குக் கடை, ஜும்மா. அதனால் துணைக்கு உம்மா. ரேஷன் கடை தவிர வேறு அரசு இடம் எதுவும் உம்மா மிதித்ததில்லை. காலையிலிருந்து பதற்றம். என்னை விட அதிகம் ஆசை என்று நினைக்கிறேன்.

எடுத்துக்கொள்ள: கடிதம். மனு நகல். இரண்டு பேனா. கையேடு. தண்ணீர். குடை (வேண்டாம்). உம்மாவின் பட்டியலில் எறா வறுவல்.

ஜூலை 18, வெள்ளி

வெயில். காற்றில் வேப்பிலை வாசனை. கை வலிக்கும் வரை எழுதுவேன்.

ஆடி முதல் வெள்ளி என்பதை மறந்துவிட்டோம். பெரியபாளையம் வரை பஸ்ஸில் நிற்க இடமில்லை. மஞ்சள் புடவைகள், நடுவில் உம்மாவின் வெள்ளைத் துப்பட்டி ஒன்று. கண்டக்டர் கத்திக்கொண்டே இருந்தார்: "வேப்பலையெல்லாம் கீழ எறக்குங்கம்மா, டிக்கெட்டு குடுக்கறதா, கண்ணக் காப்பாத்திக்கறதா!"

பக்கத்தில் இருந்த அம்மா உம்மாவிடம், "நீங்களும் கோயிலுக்கா?"

"இல்லம்மா, ஆபீசுக்கு. எம் பொண்ணு கவர்மெண்ட்ட கேள்வி கேட்டுகீறா."

அவ்வளவுதான். முன் சீட்டு, பின் சீட்டு, படிக்கட்டு வரை செய்தி போய்விட்டது. "என் பென்சன் மூணு மாசமா இன்னாச்சின்னு கேளும்மா." "எளாவூர்ல எங்க தெரு லைட்ட கேளு பாப்பா." கண்டக்டர் கூட, "என் டிரான்ஸ்பர் ஆர்டர கேளு." இறங்கும்போது என் உள்ளங்கையில் மூன்று பேரின் விலாசம், பேனாவால்.

திருவள்ளூரில் மாடியேறி, வராந்தா தாண்டி, நேற்றைய குரல். பெரியவர் என்று நினைத்தேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தானாம். நெற்றியில் சந்தனம், விரலில் பசை.

"ஜுலைகா பேகம் மேடம் நீங்களாம்மா?" என்று உம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நான் தொணைக்கி வந்தேன்" என்றார் உம்மா. "மேடம் இது."

அவர் என்னைப் பார்த்தார், என் இரட்டைச் சடையைப் பார்த்தார். "ஐயோ! உனக்கு வயசு எத்தன? சார், மைனருக்குக் காட்லாமா?"

கையேட்டைத் திறந்து வைத்திருந்தேன். "சட்டத்துல குடிமக்கள்னு மட்டுந்தான் மேடம் இருக்கு. வயசு எங்கயும் போடல."

பின்மேசையில் இருந்த சார் கையேட்டை வாங்கிப் பார்த்தார். தலையாட்டினார். "போடலதான். ஒக்காரும்மா. அஞ்சு கேள்விக்கும் பதில் எழுதினமே, எங்களுக்கு எத்தன மார்க்கு?"

"நல்லா எழுதியிருந்தீங்க சார். ஆனா நாலாவது கட்டாய வினா. போட மறந்தது என் தப்பு."

ஐந்து மேசையிலும் சிரிப்பு. மேடம் சொன்னார், "நாலுக்குப் பழைய ஃபைல் கட்டெல்லாம் எறக்கணும். தும்மல் வரும். அதான் சாய்ஸ்ல உட்டோம்."

கோப்பு வந்தது. நாடா கட்டிய பழுப்பு அட்டை. முதல் ஒரு மணி நேரம் கட்டணம் இல்லை என்றார் மேடம். உம்மா என் காதில், "சும்மாதான? அப்ப மெதுவாவே படி."

திறந்தால், வரிக்கு வரி வெள்ளைத் தாள் துண்டுகள் ஒட்டியிருந்தன. பிள்ளைகளின் பெயர்களை மறைத்தது சரி. குழுவினர் பெயர் மறைப்பு. மருத்துவர் பெயர் மறைப்பு. சமையல்காரர் பெயர் மறைப்பு. ஒரு வரி இப்படி: 'கொட்டகையில் உள்ள ▢▢▢ என்னும் பசு நன்கு பராமரிக்கப்படுகிறது.'

உம்மாவும் எட்டிப் படித்தார். "ஏம்மா, பசு இன்னா தப்பு பண்ணிச்சி? அது பேர எதுக்கு மூடிக்கீறீங்க?"

மேடம் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "பேருன்னு இருந்தா மறைக்கச் சொன்னாங்க. ராத்திரி கண்ணு சொக்க ஒட்னேன்." உடனே சமாளித்துக்கொண்டு, "அதுக்கும் பதினெட்டு ஆகலியேம்மா!"

சார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புரையேறிவிட்டது.

நான் படித்தேன். குழு என்றால் காரில் வந்து, சோற்றை ருசி பார்த்து, கையெழுத்துப் போட்டுப் போகிறவர்கள் என்று நினைத்திருந்தேன். சில பக்கங்கள் அப்படித்தான். 'அனைத்தும் திருப்தி.' ஆனால் ஒரு பக்கம் வேறு கையெழுத்து. போன வருடம் கார்த்திகை மாத வருகை. எழுதிக்கொண்டது அப்படியே:

'▢▢▢ என்னும் சிறுவன், தன் தாய் கூலி வேலைக்குச் செல்வதால் புதன்கிழமைகளில் வர இயலவில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்றும் கேட்டான். விசாரித்ததில் பலரின் நிலை இதுவே. ஆகவே ஞாயிறு முற்பகலிலும் சந்திப்புக்கு அனுமதிக்கப் பரிந்துரைக்கிறோம்.'

கீழே பச்சை மையில்: 'ஏற்கப்பட்டது. உடன் நடைமுறைப்படுத்துக.'

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை உம்மாவுக்காகச் சத்தமாக.

அப்படியானால் ட. அங்கே போவதற்கு முன்பே ஞாயிறும் உண்டு! அக்கா போட்ட ஒவ்வொரு புதன் லீவும், போகாத இரண்டு புதனும்! எனக்குக் கோபம் வரவேண்டியது. வந்தது. ஆனால் அதற்கு முன் இன்னொன்று. அந்தத் தாள் துண்டுக்கு அடியில் இருக்கிற பையன். யாரென்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நான் ஒரு மாதம் யோசித்து எழுதிய கேள்வியை அவன் எனக்கு முன்பே, நேராக நின்று, வாயால் கேட்டிருக்கிறான். அவனுக்குச் சாய்ஸ் கொடுக்கத் தெரியவில்லை. நல்லவேளை.

மேடம் இன்னும் நம்பாமல் பச்சை மையைத் தடவிப் பார்த்தார். "இது ஆர்டரே ஆயிடுச்சே. அப்ப இருந்தவரு மாறிப் போய்ட்டாரு போல. கோப்புல வந்து தூங்கிகினு கீது. சார், இத இன்னிக்கே அங்க போன் பண்ணிச் சொல்லலாமா?"

சார் பேசினார். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. "திங்கக்கெழம பாக்கலாம்" என்றார்.

திங்கள் என்றால் இந்த ஞாயிறு போய்விடும். நகல் கேட்டேன். 'உண்மை நகல்' முத்திரை, கையெழுத்து, தேதி. சார் சாப்பாட்டு வேளைக்கு முன்பே போட்டுக் கொடுத்தார். உம்மா மகிழ்ச்சியில் எறா வறுவலைத் திறந்து மேடம் முன்னால் நீட்டிவிட்டார்.

"ஐயோ அம்மா, ஆடி வெள்ளி!" என்று மேடம் மூக்கைப் பொத்தினார். பொத்திய விரல் இடுக்கில் ஒரு முறை மூச்சை இழுத்ததை நான் பார்த்தேன். "வேற நாள் வந்தா கொண்டாங்க."

"கண்டிப்பா வருவோம். பஸ்ல மூணு பேரு கேள்வி குடுத்து அனுப்பிகீறாங்க" என்றார் உம்மா.

அக்காவிடம் நகலைக் கொடுத்தபோது அவர் படிக்கவில்லை. முத்திரையை மட்டும் பார்த்தார். "ஞாயித்துக்கெழம உடுவானா? நெசமா?"

விடுவார்கள் என்று சொன்னேன். எனக்கு நிச்சயமில்லை. அதையும் எழுதுகிறேன்.

ஜூலை 19, சனி

கெமிஸ்ட்ரி நோட்டு முடியவில்லை.

காலையில் எழுந்து பார்த்தால் வாப்பா நகலை லேமினேஷன் செய்துவிட்டார்! முத்திரை, கையெழுத்து எல்லாம் பிளாஸ்டிக்குக்குள். அரசு நகலை இப்படிச் செய்யலாமா என்று பதறினேன். கையேட்டில் ஒன்றும் இல்லை. "ரேஷன் கார்டயே பண்றோம். மழ வந்தா இன்னா பண்ணுவ?" என்றார்.

அதோடு நிற்கவில்லை. புது டோனர் போட்டு, அந்தப் பக்கத்தைப் பெரிய தாளில் பெரிதாக்கி, 'ஞாயிறு' மேல் மஞ்சள் மார்க்கர். "கேட்டு பக்கத்துல ஒட்டச் சொல்லு. அடுத்தவங்க வந்து தலையில அடிச்சிக்க வேணாம்."

அக்கா இரண்டாம் தடவை முறுக்குச் சுட்டார். எண்ணெய் வாசனை சுவர் தாண்டி. பழைய டப்பாவை இன்று பிரித்தோம். நமுத்துவிட்டது. ஆனாலும் எல்லோரும் தின்றோம்.

ஜூலை 20, ஞாயிறு

வெயில், காற்று, சாயங்காலம் ஐந்து நிமிட மழை.

அக்கா ஆறு மணி பஸ்ஸுக்கே போய்விட்டார். எனக்குப் புத்தகம் ஓடவில்லை. ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து தப்புத் தப்பாகச் சில்லறை கொடுத்தேன். ஒரு மணிக்கு வாப்பா, "நீ உள்ள போ, ஏவாரம் பேஜாராவுது" என்று துரத்தினார்.

நாலு மணிக்கு அக்கா வந்தார். பஸ் நிற்கும் முன்பே கையாட்டினார். ஆகவே தெரிந்துவிட்டது.

அக்கா சொன்னது, நினைவில் உள்ளபடி:

"கேட்ல ஒருத்தன், 'புதன்கெழம வாம்மா, படிக்கத் தெரியாதா'ன்னான். 'எனக்குத் தெரியாது, நீ படி'ன்னு குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாக்கறான். சொரண்டிக் கூடப் பாத்தான்! உங்க வாப்பா வேல, ஒண்ணும் பண்ண முடியல. உள்ள எடுத்துக்கினு போனான். நான் கேட்ட உட்டு நகரல. அப்றம் பெரியவரு ஒருத்தரு வந்தாரு. 'எனக்கே இது வரலியேம்மா'ன்னு சொல்லிட்டு, அங்க இங்க போன் பேசினாரு. பேசிட்டு கேட்டத் தெறக்கச் சொன்னாரு."

"அவன்?" என்றேன்.

"ஞாயித்துக்கெழம யாரு வரப்போறான்னு கொட்டாயில சாணி வாரிக்கினு இருந்திருக்கான். பேர சொல்லிக் கூப்ட்டதும் கையக் கூடக் கழுவாம ஓடியாந்தான். எம் பொடவையப் பாரு."

புடவை முதுகில் இரண்டு கைத்தடம். காய்ந்த சாணம். பத்து விரலும் தெளிவாக. அக்கா அதைத் துவைக்கப்போவதில்லையாம், இன்றைக்கு.

வாப்பாவின் பெரிய தாளை அந்தப் பெரியவரே கேட் பலகையில் ஒட்டச் சொன்னாராம். ஒட்டும்போதே வெளியில் பூ விற்கும் ஓர் அம்மா வந்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கூடையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினாராம். அவர் மகனும் அங்கேதானாம். புதன்களில் பூ வியாபாரத்தை விட்டு உள்ளே போக முடியாதாம்; ஞாயிறெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே.

ட. என்னைப் பற்றிக் கேட்டானாம். "எட்டாவதுல வாத்தியார மூச்சு உட விடாம கேள்வி கேப்பாளே, அவளா? இன்னும் நிறுத்தலியா?"

பசுவின் பெயர் ரோஜா. வயது தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ட. சொல்லி அனுப்பிய இன்னொன்று: நூலகம் இருப்பது உண்மைதான். பீரோவும் ஒன்றுதான். ஆனால் சாவி தொலைந்து ரொம்ப நாளாம். கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகைப் படிக்கலாமாம். அவன் எல்லா முதுகையும் படித்துவிட்டானாம்.

'உள்ளது (பீரோ 1).' என் மூன்றாம் கேள்வி. பதில் சரி. நான் கேட்ட விதம்தான் போதவில்லை.

கோர்ட்டு ஸ்டாம்பு ஒன்று மீதி இருக்கிறது. உம்மா வெளியே, "எறா இன்னிக்கே சொல்லி வச்சிடவா?" வாப்பா, "படுங்க, கரண்டு பில்லு யாரு கட்டறது?" இதோ, இரண்டு நிமிடம்.

அனைத்து வினாக்களுக்கும் கட்டாயம் விடையளிக்க.

1. நூலக பீரோவின் சாவி தற்போது எங்கு உள்ளது? இல்லையெனில், பூட்டை உடைக்க அனுமதி வழங்கும் அலுவலர் யா

வாப்பா விளக்கை அணைத்துவிட்டார்.